பாடகருக்கு வாரக்கணக்கில் கண்ணீர், போர்வீரருக்கு ஒரு வரிச் செய்தி: இது நியாயமா?

கேட்டிருப்பது இதுதான். ஒரு பாடகரோ நடிகரோ இறந்தால் வாரக்கணக்கில் எல்லோரும் அதையே பேசுகிறார்கள், வீட்டு வாசலில் பூங்கொத்து மலைபோல் குவிகிறது, இறுதி ஊர்வலம் நேரலையில் ஓடுகிறது. அதே வாரம் போரில் இறந்த இருபது வயதுப் பையனுக்கு உள்பக்கத்தில் ஒரு வரி. நம் மதிப்பீடுகள் கெட்டுப்போய்விட்டனவா? இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து "இவரை எல்லோருக்கும் தெரியும், இவரை யாருக்குத் தெரியும்?" என்று வருகிற பதிவுகளைப் பகிர்வது சரியா?

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது தவறான ஆளின் மேல் பாய்கிறது என்று நினைக்கிறேன். ஒரு பாடகருக்காக அழுகிற ரசிகர் போர்வீரரிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. பறிக்கிறவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள், அவர்களை இந்த ஒப்பீடு தப்பவிட்டுவிடுகிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு வரியில் சொன்னால் "வீரர்களை மதிக்காதவன்" என்று படும்.

2012 பிப்ரவரி 11 அன்று விட்னி ஹூஸ்டன் இறந்தார். அவர் பிறந்து வளர்ந்த நியூ ஜெர்சி மாநிலத்தின் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி, இறுதிச் சடங்கு நடந்த 18ஆம் தேதி அரசுக் கட்டடங்களில் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட உத்தரவிட்டார். உடனே பெரிய எதிர்ப்பு. போதைப் பழக்கத்தோடு போராடிய ஒரு பாடகிக்கு, நாட்டுக்காக உயிர் விட்டவர்களுக்குரிய மரியாதையா என்று கேட்டார்கள். கிறிஸ்டி சொன்ன பதிலில் ஒரு விஷயம் இருந்தது: போரில் இறந்த நியூ ஜெர்சி வீரர்களுக்கும் கொடியை இறக்கச் சொல்லித்தான் வந்திருக்கிறேன் என்றார். அதாவது அந்த மரியாதை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. கொடி இறங்கிய அந்த நாட்களில் யாரும் நிமிர்ந்து பார்த்து, இன்று யாருக்காக என்று கேட்கவில்லை. ஒரு பாடகிக்காக இறங்கியபோதுதான் கொடி எல்லோர் கண்ணிலும் பட்டது, சண்டையும் வந்தது. வீரர்கள் மேல் உள்ள அக்கறையால் வந்த கோபம் என்றால், அது அதற்கு முன்பே, வீரர்களுக்காகக் கொடி இறங்கிய ஏதாவது ஒரு நாளில், ஒரு விசாரிப்பாகவாவது வெளிப்பட்டிருக்க வேண்டும் அல்லவா?

சரி, ரசிகர்கள் ஏன் அழுகிறார்கள்? 1956லேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை எழுதிவிட்டார்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தினமும் வருகிற முகத்தோடு பார்ப்பவருக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிடுகிறது. அவருக்கு நம்மைத் தெரியாது, ஆனால் நமக்கு அவரைத் தெரியும் என்ற உணர்வு உண்மையானது. பதினாறு வயதில் காதல் தோற்றபோது கேட்ட குரல், அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரவெல்லாம் காதில் ஓடிய குரல், அது நின்றுபோனால் வலிக்கத்தான் செய்யும். அந்த அழுகையில் பாதி அந்தப் பாடகருக்கு, மீதி அந்தக் குரலோடு ஒட்டிக்கிடந்த தன் சொந்த வருடங்களுக்கு. அதை யாரும் யோசித்து, எடைபோட்டு, "இவர் வீரரைவிடப் பெரியவர்" என்று தீர்மானித்துச் செய்வதில்லை.

அப்படித் தகுதியை எடைபோட்டுத்தான் அழுகிறோம் என்றால், இன்னும் பல கணக்குகள் தவறிப்போகும். 2009 ஜூன் 25 அன்று மைக்கேல் ஜாக்சன் இறந்தார், உலகம் நின்றது. அதே வருடம் செப்டம்பர் 12 அன்று நார்மன் போர்லாக் இறந்தார். அவர் உருவாக்கிய கோதுமை ரகங்கள் பல நாடுகளில் கோடிக்கணக்கானவர்களைப் பட்டினியிலிருந்து காப்பாற்ற உதவியவை, 1970ல் அமைதிக்கான நோபல் பரிசும் வாங்கியவர். அவர் இறந்தது இன்றைக்கும் பலருக்குத் தெரியாது. 1997ல் டயானா இறந்து ஐந்தாம் நாள் அன்னை தெரசா இறந்தார். எத்தனை பேருக்கு இரண்டாவது தேதி நினைவிருக்கிறது? துக்கம் எங்கேயும் எப்போதும் தகுதிப் பட்டியல் பார்த்து வந்ததில்லை, பழக்கத்தைப் பார்த்துத்தான் வருகிறது. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு அழுதவரிடம் போய், "நேற்று ஒரு விஞ்ஞானி இறந்தாரே, அவருக்கு அழுதாயா?" என்று யாரும் கேட்பதில்லை.

இது இந்தக் காலத்து நோய் என்றும் சொல்ல முடியாது. 1926 ஆகஸ்டில் மௌனப்பட நடிகர் ருடால்ஃப் வாலன்டினோ 31 வயதில் இறந்தபோது நியூயார்க் தெருக்களில் சுமார் ஒரு லட்சம் பேர் திரண்டார்கள், உடலை வைத்திருந்த கட்டடத்தின் கண்ணாடிகள் நொறுங்கின, போலீஸ் குதிரைகளோடு வந்து கூட்டத்தைத் தள்ளியது. முதல் உலகப் போர் முடிந்து எட்டு வருடம்கூட ஆகவில்லை அப்போது.

இதை வைத்து "பார், அப்போதே மறந்துவிட்டார்கள்" என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஆறு வருடம் முன்னால் லண்டனில் நடந்ததைப் பாருங்கள். போரில் இறந்தவர்களின் உடலை ஊருக்குக் கொண்டுவரக் கூடாது என்று பிரிட்டன் போரின் நடுவிலேயே முடிவெடுத்திருந்தது. லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரு கல்லறைகூடப் பக்கத்தில் இல்லை, பலருக்கு எங்கே புதைத்தார்கள் என்ற தகவல்கூட இல்லை. 1920 நவம்பர் 11 அன்று, யாரென்றே தெரியாத ஒரு வீரரின் உடலைப் பிரான்சிலிருந்து கொண்டுவந்து வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில், அரசர்கள் கிடக்கும் இடத்தில் புதைத்தார்கள். அதே நாளில் பாரிசிலும் பெயர் தெரியாத ஒரு வீரரின் சவப்பெட்டியை வெற்றி வளைவுக்கு எடுத்துச் சென்றார்கள். லண்டனில் முதல் ஒரு வாரத்தில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தக் கல்லறையைக் கடந்து போனார்கள். எந்த நடிகருக்கும் அப்படிப்பட்ட கூட்டம் அபூர்வம். காரணம் எளிமையானது, ஆனால் நெஞ்சை அறுப்பது: பெயர் இல்லாததால், மகனைத் தொலைத்த ஒவ்வொரு தாயும் அது தன் மகனாக இருக்கலாம் என்று நினைக்க முடிந்தது. பெயர் தெரியாத ஒருவர்தான் எல்லா வீட்டுக்கும் தெரிந்தவர் ஆனார்.

ஆகவே மக்கள் வீரர்களுக்காக அழ மாட்டார்கள் என்பது பொய். போர் எல்லா வீட்டுக் கதவையும் தட்டியபோது எல்லோரும் அழுதார்கள். இன்று பெரும்பாலான நாடுகளில் படை என்பது தாமாகச் சேர்ந்த கொஞ்சம் பேர். அவர்கள் வருகிற குடும்பங்களும் ஊர்களும் திரும்பத் திரும்ப அதே குடும்பங்கள், அதே ஊர்கள். மற்றவர்களுக்குப் படையில் ஒருவரைக்கூட நேரில் தெரியாது. தெரியாத முகத்துக்கு மரியாதை வரும், கண்ணீர் வராது. மனித மனம் அப்படித்தான் இருக்கிறது, அதைத் திட்டிப் பயனில்லை.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது, அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். இறந்த வீரர்களை மக்கள் கண்ணில் படாமல் வைத்திருந்தது பல நேரம் அரசுகளே. அமெரிக்காவில் போரில் இறந்தவர்களின் உடல்கள் டெலவேர் மாநிலத்தின் டோவர் விமானப்படைத் தளத்துக்குத்தான் வந்து இறங்கும். 1991 வளைகுடாப் போரின்போது அங்கே பத்திரிகைகள் படமெடுக்கத் தடை போடப்பட்டது. அந்தத் தடை இராக், ஆப்கானிஸ்தான் போர்களின் மிகக் கொடிய வருடங்கள் முழுவதும் நீடித்தது. 2009ல்தான் அதை எடுத்தார்கள், இனி குடும்பம் சம்மதித்தால் படமெடுக்கலாம் என்று. குடும்பங்களின் தனிமைக்காகத்தான் தடை என்று சொல்லப்பட்டது, அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் அந்தப் பதினெட்டு வருடங்களில் குடும்பத்தைக் கேட்டு முடிவெடுக்கும் வழியே இல்லை. கொடி போர்த்திய சவப்பெட்டிகள் வரிசையாக வந்து இறங்குவதைப் பார்த்தால் மக்கள் போரைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். பதினெட்டு வருடம் பார்க்கவே விடாமல் வைத்துவிட்டு, மக்கள் ஏன் அழவில்லை என்று ரசிகர்களைக் குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

பார்க்க விட்டபோது என்ன நடந்தது தெரியுமா? இங்கிலாந்தில் வூட்டன் பாசெட் என்று ஒரு சின்ன ஊர். 2007லிருந்து 2011 வரை, பக்கத்திலிருந்த விமானப்படைத் தளத்தில் வந்து இறங்கிய வீரர்களின் உடல்கள் அந்த ஊர் வீதி வழியாகத்தான் போயின. ஊர்வலம் போகிறது என்று முதலில் சில முன்னாள் வீரர்கள் சாலையோரம் நின்றார்கள். அப்புறம் கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். அப்புறம் ஆயிரக்கணக்கில் வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். யாரும் உத்தரவு போடவில்லை, யாரும் விழா எடுக்கவில்லை. வண்டி வரும்போது வீதி நிற்கும், போனதும் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் அப்படிக் கடந்து போனார்கள். 2011ல் அந்த ஊர்ப் பெயருக்கு முன்னால் 'ராயல்' என்ற பட்டம் சேர்ந்தது. கனடாவிலும் இதே கதை. டிரென்டன் தளத்திலிருந்து டொரன்டோவுக்கு ஏறக்குறைய 170 கிலோமீட்டர் நெடுஞ்சாலை, அதன் மேலே போகிற பாலங்கள் ஒவ்வொன்றிலும் மக்கள் கொடியோடு வந்து நிற்க ஆரம்பித்தார்கள், பனியிலும் மழையிலும். 2007ல் அந்தச் சாலைக்கு வீரர்கள் நெடுஞ்சாலை என்றே பெயர் வைத்தார்கள். அந்தப் பாலங்களில் நின்றவர்கள் எல்லோரும் பாடகர்களையும் நேசித்தவர்கள்தான், வீட்டுக்குப் போய் யாரோ ஒரு நடிகரின் படம் பார்த்திருப்பார்கள். ஒருவரிடம் இரண்டுக்கும் இடம் இருந்தது.

ஆனால் நான் கூட்டத்தை நம்பச் சொல்லவில்லை. கூட்டம் வரும், கலையும். நடிகருக்கும் அப்படித்தான், பத்து வருடம் கழித்து வாசலில் யாரும் இருப்பதில்லை. ஒரு நடிகருக்கு அதனால் அநியாயம் எதுவும் இல்லை, ஏனென்றால் அவருக்கு நாம் தந்தது அன்பு, அன்பு வரும், குறையும். போரில் இறந்தவருக்கு நாம் தர வேண்டியது அன்பு மட்டும் இல்லை. அவரை அனுப்பியது நாம் தேர்ந்தெடுத்த அரசு, அல்லது நம் பெயரைச் சொல்லி ஆண்ட அரசு. அது கடன். கடனை மனநிலை பார்த்துக் கட்ட முடியாது, யாரும் அழாத வருடத்திலும் கட்டியாக வேண்டும்.

பழங்காலத்தவர்களுக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது. கி.மு. 431ல் கிரேக்க நகரமான ஏதென்ஸ், ஸ்பார்டாவோடு நடந்த போரின் முதல் வருடத்தில் இறந்தவர்களை அடக்கம் செய்தபோது, உடல் கிடைக்காதவர்களுக்காக ஒரு வெற்றுப் பாடையையும் சேர்த்துத் தூக்கிச் சென்றது. தமிழில் நடுகல் இருக்கிறது. தொல்காப்பியம் கல்லைத் தேர்வதிலிருந்து, நீராட்டி, நட்டு, படைத்து, வாழ்த்துவது வரை ஆறு கட்டமாக முறை சொல்கிறது. ஊர் மாடுகளை மீட்கப் போய் இறந்த சாதாரண ஆளுக்கும் கல் எடுத்து, பெயரும் எப்படி இறந்தான் என்பதும் வெட்டி வைத்தார்கள். அழுகை எவ்வளவு நாள் நிற்கும் என்று தெரிந்தவர்கள்தான் கல்லைத் தேடிப் போயிருப்பார்கள்.

பெல்ஜியத்தின் ஈப்ர் நகரில் மெனின் வாயில் என்று ஒரு பெரிய வளைவு. முதல் உலகப் போரில் அந்தப் பகுதியில் இறந்து, கல்லறை தெரியாமல் போன 54 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர் அதன் சுவர்களில் இருக்கிறது, இந்திய வீரர்களின் பெயர்களும் உண்டு. 1928ல் தொடங்கி, தினமும் இரவு 8 மணிக்கு அங்கே பிகிள் ஊதுகிறார்கள். ஊதுகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள், தீயணைப்புப் படையோடு தொடர்புள்ளவர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஊரைப் பிடித்த நான்கு வருடம் அங்கே ஊத முடியவில்லை. 1944 செப்டம்பர் 6 அன்று போலந்துப் படை ஊரை மீட்டது. அன்று இரவே, ஊரின் ஒரு பக்கம் இன்னும் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே, மறுபடி ஊதினார்கள். கூட்டம் இருக்கிற நாளும் உண்டு, மழையில் நாலு பேர் நிற்கிற நாளும் உண்டு. எப்படியிருந்தாலும் ஊதுவார்கள். வீரர்களை மதிப்பது எப்படி என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

கடன் ஒழுங்காகக் கட்டப்படாத இடங்கள் எத்தனையோ இருக்கின்றன, உங்கள் கோபம் போக வேண்டிய இடம் அவை. முதல் உலகப் போர் நடக்கும்போதே, 1917ல், பிரிட்டிஷ் பேரரசு ஒரு போர்க் கல்லறை ஆணையம் அமைத்தது. அதிகாரியோ சிப்பாயோ, எந்த மதமோ, எல்லோருக்கும் சமமான கல், எல்லோருக்கும் பெயர் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. உயர்ந்த கொள்கை. ஆனால் 2021 ஏப்ரலில் அந்த ஆணையமே வெளியிட்ட அறிக்கை என்ன சொன்னது? ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களிலும் தொழிலாளர்களிலும் 45 ஆயிரத்திலிருந்து 54 ஆயிரம் பேர் சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள். அதற்கு மேல் குறைந்தது 1,16,000 பேருக்கு, ஒருவேளை 3,50,000 பேர் வரைக்கும், பெயர்கூடப் பொறிக்கப்படவில்லை. மன்னிப்பும் கேட்டார்கள். நூறு வருடம் கழித்து. இந்த லட்சக்கணக்கான பெயர்களை எந்தப் பாடகரும் மறைக்கவில்லை. இந்த உயிருக்குக் கல் தேவையில்லை என்று அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவெடுத்தவர்கள் மறைத்தார்கள்.

சுதந்திர இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1971 போருக்குப் பிறகு, 1972ல், டெல்லி இந்தியா கேட்டின் கீழே, இறந்த வீரர்களுக்கான அணையா விளக்காக அமர் ஜவான் ஜோதி ஏற்றப்பட்டது. ஆனால் சுதந்திரத்துக்குப் பின் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பொறித்த தேசியப் போர் நினைவகம் 2019 பிப்ரவரி 25 அன்றுதான் திறக்கப்பட்டது. 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். அதற்கு முன்பே பல படைப்பிரிவுகள் தங்கள் முகாமில் தங்கள் வீரர்களின் பெயரைக் காத்து வைத்திருந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்தது குடும்பம். பேச்சில் எல்லோரும் வீரரின் மனைவியை வணங்குவார்கள், விதிமுறையைப் பார்த்தால் வேறு கதை. பிரிட்டனில் ஒரு காலகட்டத்தில் கணவரை இழந்த போர் விதவைகள் மறுமணம் செய்தாலோ இன்னொருவரோடு சேர்ந்து வாழ்ந்தாலோ ஓய்வூதியத்தை இழந்தார்கள். பணமா, புதிய வாழ்க்கையா என்று ஒரு அரசு அந்தப் பெண்களைக் கேட்டது. 2015ல்தான் அது மாறியது. அமெரிக்காவில் வீரர்கள் தங்கள் ஓய்வூதியத்திலிருந்து பணம் கட்டிச் சேர்கிற குடும்பப் பாதுகாப்புத் திட்டத்தின் தொகையை, அரசு தருகிற இன்னொரு இழப்பீட்டுத் தொகைக்காகக் கழித்துக்கொள்ளும் விதி பல பத்தாண்டு இருந்தது. விதவைகள் வருடக்கணக்கில் நாடாளுமன்றக் கதவைத் தட்டி, 2019 கடைசியில் சட்டம் வந்து, 2023ல்தான் முழுதாக நீங்கியது. இந்தப் போராட்டங்கள் நடந்த வருடங்களில் எத்தனை ஒப்பீட்டுப் பதிவுகள் சுற்றியிருக்கும்! அவற்றைப் பகிர்ந்தவர்களில் பத்தில் ஒருவர் தன் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் எவ்வளவு முன்பே முடிந்திருக்கும் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று. வீரருக்கும் நட்சத்திரத்துக்குக் கிடைக்கிற வெளிச்சம் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் பாட் டில்மனின் கதையைப் படிக்க வேண்டும். அமெரிக்கக் கால்பந்து விளையாட்டு வீரர், அரிசோனா கார்டினல்ஸ் அணி. 36 லட்சம் டாலர் ஒப்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு 2002ல் தம்பியோடு ராணுவத்தில் சேர்ந்தார். 2004 ஏப்ரல் 22 அன்று ஆப்கானிஸ்தானில் 27 வயதில் இறந்தார். எதிரியோடு சண்டையிட்டு இறந்ததாக அறிவித்தார்கள், வெள்ளி நட்சத்திரப் பதக்கம் கொடுத்தார்கள், நினைவுக் கூட்டம் தொலைக்காட்சியில் நாடு முழுவதும் போனது. புகழும் இருந்தது, கொடியும் இருந்தது, கண்ணீரும் இருந்தது. ஆனால் அவர் இறந்தது சொந்தப் படையினரின் குண்டில். களத்திலிருந்தவர்களுக்கு அது சீக்கிரமே தெரியும், அவருடைய சீருடையையும் கவசத்தையும் எரித்தார்கள். குடும்பத்துக்கு உண்மை சொல்லப்பட்டது பல வாரங்கள் கழித்து, நினைவுக் கூட்டமெல்லாம் முடிந்த பிறகு. அவருடைய அம்மாவும் தம்பியும் வருடக்கணக்கில் போராடி, 2007ல் நாடாளுமன்ற விசாரணை வரை கொண்டுபோனார்கள். அந்தக் குடும்பம் கேட்டது இன்னும் பெரிய விழாவை இல்லை. என்ன நடந்தது என்று நேராகச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டார்கள். ஒரு வீரரைப் பெரிதாகக் கொண்டாடிக்கொண்டே அவருக்குத் தர வேண்டியதைத் தராமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேதனையான உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, அந்தப் பதிவைப் பகிரலாமா என்பது. நான் பகிர மாட்டேன். முதலில், அதில் இருக்கிற படமும் பெயரும் உண்மையா, எந்த வருடத்துது, குடும்பம் சம்மதித்ததா என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ஒரு அம்மா தன் மகனின் முகத்தைத் திடீரென்று ஒரு நடிகரைத் திட்டுகிற பதிவில் பார்க்க நேர்வதை நினைத்துப் பாருங்கள். அந்தப் பதிவில் அந்தப் பையனைப் பற்றி ஒன்றுமே இருக்காது, எந்தப் படைப்பிரிவு, எப்படி இறந்தான், வீட்டில் யார் இருக்கிறார்கள், எதுவும். எல்லாக் கண்ணும் நடிகர் மேல்தான். அந்த வாரச் சூடு தணிந்ததும் பையனையும் சேர்த்து மறந்துவிடுவார்கள்.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றினால், தனியாக எழுதுங்கள், நடிகர் பெயரே வராமல். ராணுவமோ குடும்பமோ வெளியிட்ட தகவலை மட்டும் எடுங்கள். அடுத்த வருடம் அதே தேதியில் மறுபடி எழுதுங்கள், அப்போது எழுதுகிறவர்கள் ரொம்பக் குறைவு. தெரிந்த குடும்பம் என்றால், முதல் மாதம் எல்லோரும் போவார்கள், நீங்கள் இரண்டாம் வருடம் போங்கள், ஓய்வூதியக் காகிதம் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள், அலுவலகத்துக்குக் கூடப் போக முடிந்தால் போங்கள். அப்புறம், உங்களுக்குப் பிடித்த பாடகர் இறந்தால் தயங்காமல் அழுங்கள்.